முன்பாரம்

துமிராவின் இடுப்பு போனது மூட்டையின் கீழ் அல்ல. அன்று காலை அறுபது கிலோ வெங்காயத்தை முதுகில் ஏற்றிச் சந்தையின் மூன்றாம் தளம்வரை கொண்டுபோய் இறக்கினாள். சுமைச்சீலையை உதறித் தோளில் போட்டாள். கொண்டையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சீப்பு கைக்கு வந்துவிட்டது. உடம்புதான் மேலே வரவில்லை.

“என்னடி, தரையில ஏதாவது எழுதியிருக்கா?” என்றாள் வெங்காய வியாபாரி ரத்மி.

“நிமிர முடியல.”

“விளையாடாத. கீழ இன்னும் நாலு மூட்டை கெடக்கு.”

“விளையாடல ரத்மியம்மா. இடது கால் மரத்துப்போச்சு. இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லு.”

ரத்மி பார்த்தாள். கால் இருந்தது. ஆனால் துமிராவின் முகத்தைப் பார்த்ததும் தராசுக் கல்லைக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். சுமைகாரிகள் ஆறு பேர் ஓடி வந்தார்கள். கருவாட்டுக் கடையிலிருந்து ஒரு பலகையை உருவி, துமிராவை அதில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூன்று தளங்களையும் இறக்கினார்கள். பலகையில் மீன் வாடை. தலைமாட்டைப் பிடித்திருந்தவள் போனியெம். துமிராவைவிடப் பதினோரு வயது மூத்தவள், ஒரே ஊர், அடுத்த வீடு, பார்த்தால் காய்ந்த மூங்கில் கழி. இருபத்தாறு வருஷமாக இருவரும் பந்துல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜோக்ஜா நகரத்துக்கு ஒரே முதல் பஸ்ஸில் வருகிறவர்கள்.

“பலகையை ஆட்டாதீங்கடி. வெங்காயமா இது?” என்று போனியெம் மற்றவர்களை அதட்டிக்கொண்டே வந்தாள். 

ஊர் சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் அனிந்த்யாவுக்குத் துமிராவின் மகள் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தாள், ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

“எத்தனை வருஷமா சுமக்கறீங்க?”

“இருபத்தாறு.”

“ஒரு நாளைக்கு எத்தனை நடை?”

“முப்பது. சந்தை நல்லா இருந்தா நாப்பது.”

“ஒரு நடைக்கு எவ்வளவு இருக்கும்?”

“அம்பது, அறுபது. மழையில மூட்டை நனைஞ்சா இன்னும் கூட.”

டாக்டரின் பேனா நின்றது. தாளின் ஓரத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்தாள். வந்த எண்ணை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்பவும் பெருக்கினாள். அதே எண்தான் வந்தது போலிருக்கிறது. துமிராவை ஏறிட்டுப் பார்த்து, சத்தம் போடாமல், “கடவுளே” என்றாள்.

“சரி. மூட்டைக் கணக்கு தெரிஞ்சுது. உங்க கணக்கு சொல்லுங்க. இருபது வயசில உங்க எடை எவ்வளவு?”

“என் எடையா?”

“ஆமா. இருபதில, முப்பதில, நாப்பதில.”

“என்னை யாரும்மா நிறுத்துப் பாத்தா?”

டாக்டர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். சுமைகாரிகள் சங்கத்திலிருந்து வந்தது. வேலை நேரத்தில் அடிபட்டவள் திரும்பவும் சுமக்கலாமா கூடாதா என்று டாக்டர் அதில் எழுதித் தர வேண்டும்.

“மூட்டை தூக்கித்தான் இந்த முதுகு போச்சுன்னா, கூடாதுன்னு எழுதறதுதான் நியாயம். உடம்பு எடை வருஷா வருஷம் ஏறி அதனாலயும் போயிருந்தா, அதைக் குறைச்சுப் பாக்க வழியிருக்கு. ரெண்டும் கலந்துதான் இருக்கும். ஆனா நீங்க எப்பவும் இதே உடம்பா, இல்ல வயசோட ஏறின உடம்பான்னு தெரியாம நான் எதை எழுத? ரெண்டு வாரம் படுங்க. விசாரிச்சுட்டு வாங்க. பழைய பிரசவ அட்டை ஏதாவது இருந்தா கொண்டாங்க.”

கூடாது என்று எழுதிவிட்டால், சங்கத்தின் நீலச் சட்டையில் குத்தியிருக்கும் நூற்றுப்பதினாலாம் எண் வில்லையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு என்ன செய்வது என்று துமிரா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. சுமப்பதைத் தவிர வேறெதையும் அவள் நன்றாகச் செய்ததில்லை. சமையல்கூடச் சுமார்தான்.

அட்டை எதுவும் இல்லை. பதினேழு வருஷம் முன்பு வந்த நிலநடுக்கத்தில் பழைய வீட்டோடு அலமாரி நொறுங்கியது. அலமாரியோடு கல்யாணப் படமும் பிரசவ அட்டையும் போயின. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. செங்கல் அறுக்கும் கணவன் சுகிமானுக்கு வேலை இல்லை. அறுத்த கல் காய மாட்டேன் என்கிறது. பாயில் மல்லாந்து கிடந்த துமிராவின் முழங்காலுக்கடியில் தலையணையைத் திணித்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க, கல்யாணத்தப்ப நான் எவ்வளவு இருந்தேன்?”

“எவ்வளவுன்னா?”

“எடை.”

“இதே மாதிரிதான் இருந்த.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா. அப்பவும் நான் சொல்றதை நம்ப மாட்ட. இப்பவும் நம்பல. அதே ஆள்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மகள் லெஸ்தாரி வந்தாள். ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. வந்ததும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே பேசினாள்.

“விட்டுடும்மா. அந்த வில்லையைக் குடுத்துடு. டாக்டர் கிட்ட எப்பவும் இதே எடைதான்னு சொல்லு. எழுதிக் குடுத்துடுவாங்க. முடிஞ்சது.”

“முடிஞ்சதுன்னா?”

“வீட்ல இரு.”

“வீட்ல இருந்து?”

லெஸ்தாரி எழுந்தாள். அடுப்பங்கரைக்குப் போய், சோறும் குதெக்கும் தட்டில் போட்டு வந்தாள். வெல்லத்தில் நாளெல்லாம் வெந்து கறுத்த பலாக்காய். ஓரத்தில் புளித்த சோயாவைக் கட்டியாக்கிப் பொரித்த தெம்பே நாலு துண்டு. சர்க்கரை கரையாமல் அடியில் தங்கிய தேநீர். துமிரா படுத்தபடியே எல்லாவற்றையும் தின்று முடித்தாள். முதுகு வலித்தால் தின்ன வேண்டும். வயிறு காலியாக இருந்தால் முதுகில் காற்று புகுந்துவிடும் என்பது சுமைகாரிகள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கு முதல் முதலில் முதுகு வலித்தது முப்பது வயதில். அன்றிலிருந்து வலிக்கும்போதெல்லாம் தின்றிருக்கிறாள்.

அதில் தொழிலும் இருந்தது. வியாபாரிகள் அகலமானவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒல்லியானவள் படியில் உட்கார்ந்து அடுத்தவள் போவதைப் பார்க்க வேண்டியதுதான். போதாததற்கு வயிறு பற்றிய ஒரு நம்பிக்கை. மாட்டு வண்டிக்குப் போல உடம்புக்கும் முன்பாரம் வேண்டும். முன்னால் வயிறு இருந்தால் பின்னால் மூட்டை ஆளைச் சாய்க்காது. துமிரா இதை யோசித்தே வயிறு வளர்த்தாள். வயிறு வந்தபின் மாடிப்படியில் மூட்டை அவளைப் பின்னுக்கு இழுத்ததில்லை. வேலை பெருகியது. அவளைப் பொறுத்தவரை அந்த வயிறு அவள் சம்பாதித்த கருவி.

சாயங்காலம் போனியெம் வந்தாள். சந்தையிலிருந்து நேராக. நனைந்த சீலையை வாசலில் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து, பாயைச் சுற்றிப் பார்த்தாள்.

“இன்னும் சாகலையா?”

“உனக்கு வழி விட்டுட்டுத்தான் சாவேன்க்கா.”

“ரத்மி புலம்பறா. நீ இல்லாம வெங்காயம் அழுகுதாம். நீ இருந்தாலும் அழுகத்தானே செய்யும்னேன்.” கீழே உட்கார்ந்து தெம்பே ஒன்றை எடுத்துக் கடித்தாள். “டாக்டர் என்ன சொல்றா?”

துமிரா சொன்னாள். இருபதில் எவ்வளவு, முப்பதில் எவ்வளவு என்று கேட்டதையும், அதில்தான் எல்லாம் நிற்கிறது என்பதையும், யாருக்கும் தெரியவில்லை என்பதையும். போனியெம் மென்று விழுங்கினாள்.

“நாப்பத்தி மூணு” என்றாள்.

“என்ன நாப்பத்தி மூணு?”

“உனக்கு இருபது வயசுல. அதாவது அன்னிக்கு அம்பத்தொண்ணு. வயித்துல இவ இருந்தா.” லெஸ்தாரியைத் தாடையால் காட்டினாள். “பிள்ளை, தண்ணி, கொடி எல்லாம் எட்டுன்னு கழிச்சுக்க. உனக்கு வலி கண்டுச்சு, மழை, வண்டி எதுவும் ஏற மாட்டேங்குது, மருத்துவச்சி வீட்டுக்கு யாரு தூக்கிட்டுப் போனா? உன் புருஷனா? அவன் பின்னால குடை பிடிச்சுக்கிட்டு அழுதுகிட்டு வந்தான்.”

“அழலை. மழைத் தண்ணி” என்றான் சுகிமான் வாசலிலிருந்து.

“நிலநடுக்கத்தப்ப நாப்பத்தொம்பது. சுவர் காலு மேல விழுந்து கெடந்த. இழுத்துப் போட்டுத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுக்கு ஓடினேன். நீ மயக்கத்துல இருந்த. மயங்கின உடம்பு கனமாத் தெரியும், அதை நான் கழிச்சுட்டேன். அப்புறம் சந்தைப் படியில வழுக்கிக் கணுக்கால் பிசகுச்சே, எட்டு வருஷம் முன்னால? அன்னிக்கு அறுபத்தொண்ணு. ரெண்டாவது தளத்துல என்னடி இது, இவ்வளவு ஆயிட்டாளேன்னு நினைச்சேன். சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“கேட்டியா?”

 துமிரா மல்லாந்தபடி கூரையைப் பார்த்தாள். தன்னிடம்கூட இல்லாத தன் உடம்பு, தன் இருபது வயது, இருபத்தொன்பது வயது, இத்தனை வருஷமும் இன்னொருத்தியின் முதுகில் இருந்திருக்கிறது. பக்கத்துச் சீட்டில் தினமும் பஸ்ஸில் தூங்கி வழிந்த முதுகில்.

“அத்தை, இதெல்லாம் டாக்டர் ஏத்துக்க மாட்டாங்க. சிரிப்பாங்க” என்றாள் லெஸ்தாரி. “குத்துமதிப்பா சொல்றது இது.”

போனியெம் அடுத்த தெம்பேயைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அவ்வளவு கோபம்.

“குத்துமதிப்பா? முப்பத்தஞ்சு வருஷமா சுமக்கிறேன். மூட்டையில அரைக் கிலோ குறைஞ்சா ஆறாவது படியில சொல்லுவேன். எவ அவ டாக்டர்? கூட்டிட்டுப் போடி என்னை.”

இரண்டு வாரம் கழித்துத் துமிரா நடக்க ஆரம்பித்திருந்தாள். சுவரைப் பிடித்தால் போதும் என்ற நிலை. சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு பெண்கள். போனியெம் உள்ளே போய் நின்றதும் நின்றபடியே எல்லா எண்களையும் ஒப்பித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டாள்.

“அம்மா, நீங்க சொல்றது பெரிய விஷயம். ஆனா ஞாபகத்தை வெச்சு நான் எழுத முடியாது.”

“இன்னிக்கு இவ எடை உனக்குத் தெரியுமா?”

“இன்னும் பாக்கல.”

“எனக்கும் தெரியாது. உன் மெஷினை அப்புறம் பாரு. முதல்ல நான் சொல்றேன்.” தோளிலிருந்து சீலையை எடுத்துவிட்டாள். “ஏறுடி.”

“வேண்டாம்மா! உங்களுக்கு என்ன வயசு? ரெண்டு பேரும் விழுவீங்க.”

“அம்பத்தேழு. காலைல பூண்டு மூட்டை எழுபது ஏத்திட்டுத்தான் வந்திருக்கேன். நீ ஓரமா நில்லு கண்ணு.”

டாக்டர் குறுக்கே வருவதற்குள் சீலை துமிராவின் தொடைக்கடியில் போய்த் திரும்பிப் போனியெமின் நெஞ்சில் முடிச்சாகிவிட்டது. போனியெம் முன்னால் சாய்ந்தாள். துமிராவின் கால்கள் தரையைவிட்டு எழுந்தன.

முன்பு தூக்கியபோதெல்லாம் துமிராவுக்கு வலி, மயக்கம், அல்லது வெட்கம். கண்ணைத் திறந்து எதையும் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தாள். நரைத்த பிடரியில் எலும்பு ஒன்று முண்டாக ஏறி இறங்கியது. காதோரம் நரம்பு புடைத்தது. தன் நெஞ்சுக்கடியில் அந்த முதுகு ஒவ்வொரு அடிக்கும் தன்னை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது தெரிந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், சின்னச் சின்னதாக, ஒரு நொடியும் ஓயாமல். போனியெம் மூச்சைப் பல்லுக்கிடையில் விட்டாள். நடந்தாள். ஏதோ ஒரு சிறிய மிருகத்தின்மேல் தான் ஏறி உட்கார்ந்திருப்பதுபோலவும், அந்த மிருகத்துக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதுபோலவும் இருந்தது. 

தாழ்வாரத்துப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். போனியெம் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பினாள். நின்றால் எடை தெரியாது அவளுக்கு, நடக்க வேண்டும். கதவருகே வந்து, முழங்காலை மடக்கி, துமிராவை மெல்ல இறக்கி, சீலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எழுபத்தி நாலு. செருப்போட.”

துமிரா செருப்போடு மெஷினில் ஏறினாள். சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன. எழுபத்து நான்கு, புள்ளி ஒன்று.

யாரோ ஒரு பெண் “அம்மாடி” என்றாள். டாக்டர் மெஷினையும் போனியெமையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய் நாலு எண்களையும் எழுதினாள். நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்பது. அறுபத்தொன்று. எழுபத்து நான்கு. கட்டம் போட்ட தாளில் நாலு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தாள். கோடு படிபோல ஏறியது.

“முப்பத்தொரு கிலோ ஏறியிருக்கு” என்றாள். “முதுகு வலி எப்போ ஆரம்பிச்சுது?”

“முப்பதுல.”

டாக்டர் இரண்டாம் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டாள். அங்கிருந்துதான் கோடு செங்குத்தாகிறது. துமிராவும் பார்த்தாள்.

“ஆனா டாக்டரம்மா, வயிறு முன்பாரம்தானே? அது இருந்தா மூட்டை இழுக்காது. நான் தெரிஞ்சேதான் வளர்த்தேன்.”

டாக்டர் மறுக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அவள் மறுக்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துமிராவின் கையில் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள்.

“மூட்டை முதுகில இருக்கிறப்ப நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். மூட்டையை இறக்கினப்புறம்?”

 நீட்டிய கை நடுங்க ஆரம்பித்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

“மூட்டை போயிடுது. முன்பாரம் போறதில்ல. அது உங்களைச் சாய்க்காம இருக்க, முதுகு பின்னாலேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கு. பஸ்ல உக்காந்திருக்கப்ப. சோறு ஆக்குறப்ப. சீப்பு எடுக்கக் குனியறப்ப.”

துமிரா பாட்டிலைக் கீழே வைத்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, “அப்பாடா, வேலை முடிஞ்சது” என்று சொல்லியிருக்கிறாள். முடியவில்லை. அவள் முதுகு இறக்காமல் சுமந்திருக்கிறது, பதினாறு வருஷம், அவளுக்கே தெரியாமல், கூலி கேட்காமல். மூட்டையைச் சுமந்தது பெரிதில்லை; மூட்டையை யாரும் சுமக்கலாம். இதை எப்படி இத்தனை நாள் தாங்கியது? வலிக்கிறது என்று அது சொன்னபோதெல்லாம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறாள். ஏற்றியதையும் தாங்கியது. திட்டுவதற்கு வாயெடுத்தவள், யாரைத் திட்டுவதென்று தெரியாமல் தன் இடுப்பின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எழுதறேன்” என்றாள் டாக்டர். “மூணு மாசம் எதுவும் தூக்கக் கூடாது. தேநீர்ல சர்க்கரை போடக் கூடாது. சோத்தைப் பாதியாக்கணும். நடக்கணும். ஆறு மாசத்தில பத்து கிலோ குறைஞ்சு, கால் மரப்பும் போயிருந்தா, அப்புறம் சுமக்கலாம்.”

“வில்லை?”

“உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா நாப்பது கிலோவுக்கு மேல கூடவே கூடாது. எப்பவுமே.”

“நாப்பதா?” என்றாள் போனியெம். “அது கீரைக்கட்டுடி. ரத்மி பூண்டுத் தோலை அள்ளி உன் முதுகில வெப்பா.”

“வெக்கட்டும்” என்றாள் துமிரா. வில்லை தன்னிடமே இருக்கிறது என்பது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அகலம் குறைஞ்சா கூப்பிட மாட்டாங்களேக்கா.”

“என்னை எவ கூப்பிட்டா? நானாப் போய் மூட்டைக்கு முன்னால முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பேன். வெக்கம் பாத்தா எப்படி?”

டாக்டர் சிரித்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். “உங்களையும் எழுதிக்கறேன்மா. இந்த வயசில எழுபது தூக்கறீங்க. உங்களுக்கு இருபது வயசில என்ன எடை?”

“தெரியாது.”

“முப்பதில?”

“எனக்கெப்படித் தெரியும்?” போனியெமுக்கு எரிச்சல் வந்தது. “யாராவது தூக்கியிருந்தாத்தானே. என்னை யாரும் தூக்கினதில்ல.”

டாக்டர் அந்தத் தாளில் இருபது, முப்பது, நாற்பது என்ற மூன்று கட்டங்களிலும் கோடு போட்டாள். துமிரா போனியெமைப் பார்த்தாள். புருஷன் இறந்து இருபது வருஷம். நிலநடுக்கத்தில் அவள் வீடும்தான் விழுந்தது. அன்று அவளை யார் வெளியே கொண்டுவந்தார்கள் என்று துமிரா இதுவரை கேட்டதில்லை. யாரும் கொண்டுவரவில்லை. அவளே வந்திருக்கிறாள். வந்து, அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

“ஏறுங்க. இன்னிக்காவது பாத்துடுவோம்” என்றாள் டாக்டர்.

போனியெம் மெஷினைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு ஏறினாள். நாற்பத்தொன்று, புள்ளி மூன்று.

“ஆறு மாசம் கழிச்சு நான் உன்னைத் தூக்கறேன்க்கா” என்றாள் துமிரா.

“எதுக்கு? எனக்குக் கால் இருக்கு.”

“சும்மா. ஒரு தடவை. படியில இல்ல, சமதரையில.”

“அதெல்லாம் கூடாது” என்றாள் டாக்டர் தாளைப் பார்த்தபடி. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். “நாப்பதுதான்னு எழுதியிருக்கேன். இவங்க ஒரு கிலோ கூட.”

துமிரா சிரித்தாள். தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை ஊசிக்கு அலறியது. டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட எழுந்தாள்.

போனியெம் மெஷினிலிருந்து இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தோளிலிருந்த ஈரச் சீலையை எடுத்து நாற்காலியில் போட்டாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அதன்மேல் வைத்தாள். பிறகு வெறுங்காலோடு திரும்ப ஏறி, எண்கள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.